ஜெல்லி இல்லாத விருந்து

கோடையில் படகிலிருந்து இறங்கும்போது மார்லிஸுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வலி இழுத்தடித்து ஒருவழியாகப் போய்விட்டது. ஆனாலும், நவம்பர் கடைசியில் குடும்பமே கூடும் தேங்க்ஸ்கிவிங் விருந்து நெருங்க நெருங்க, கையில் கட்டிய பட்டையைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

கழற்றினால், கேரட் துருவிப் போட்டுப் பச்சை நிற ஜெல்லி செய்தாக வேண்டும். மாமியார் காலத்து வழக்கம். வருஷா வருஷம் செய்து அவளுக்கு அலுத்தேவிட்டது.

விருந்தன்று பட்டையோடு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை ஜெல்லிதான் செய்ய முடியல. இன்னும் சுரீர்னு இழுக்குது."

"அதனால என்னம்மா? கையப் பாத்துக்கோ," என்றாள் மகள் டெனிஸ்.

"கிறிஸ்துமஸுக்கும் அலட்டிக்காதே," என்றார் கணவர் வெர்லின்.

மருமகன் வான்கோழியை நறுக்கி, ஊட்டிவிடாத குறையாக அவள் தட்டில் வைத்தான். மார்லிஸுக்குக் கண் கலங்கியது. இத்தனை பாசமானவர்களையா ஏமாற்றுகிறோம்?

எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவப் பட்டையைக் கழற்றியவள் திடுக்கிட்டாள். சுளுக்கியது வலது கை. காலை அவசரத்தில் பட்டையை இடது கையில் மாட்டியிருந்தாள்!

"வெர்லின்! இதை யாருமே கவனிக்கலையா?"

"எல்லாரும்தான் பாத்தோம். யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் கண்ணைக் காட்டினேன்."

"ஏன்?"

"உன் கை சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா, மறுபடியும் அந்த ஜெல்லியத் தின்னணுமே!"

மார்லிஸ் பட்டையைக் குப்பைத்தொட்டியில் வீசினாள்.

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு கிண்ணம் செய்யறேன். ஒருத்தர் விடாம சாப்பிடணும்!"