துணைக்கு வந்தவள்

“ஆறு மாசமா ரத்தம் படுதுங்க டாக்டரம்மா. தீட்டு நின்னு மூணு வருசங் கழிச்சு மறுக்கா வருது.”

பொன்னாயி தேங்காய் உடைத்தாற்போலச் சொல்லிவிட்டாள். டாக்டர் இன்னாசிமேரிக்கே ஆச்சரியம். மேட்டூர் அணை திறந்த வருஷம் சேலத்தில் ஆஸ்பத்திரி போட்டவள் அவள். இந்தச் சங்கதியைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதே அபூர்வம். புருஷனுக்கும் தெரியாமல் மூடி வைத்து, முற்றிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

துணைக்கு வந்திருந்தவள் சென்னியம்மாள், ராசிபுரத்துப் பக்கம் பெரிய பண்ணைக்காரி. ஊரில் எவளுக்கு இடுப்பு வலி கண்டாலும் தன் வில்வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். தனக்கென்று ஒரு நாளும் ஒரு சொட்டு மருந்து கேட்டதில்லை.

“இதெல்லாம் உடம்புச் சூடுங்க,” என்றாள் சென்னியம்மாள். “வெந்தயத்தை ஊற வெச்சுக் குடிச்சா அடங்கிப் போகும். இவ கேக்க மாட்டேனுட்டா.”

“சூடு இல்லைங்க. கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்கலாம். புற்றாவே இருந்தாலும் ஆரம்பத்துல புடிச்சா மெட்ராஸ்ல ரேடியம் வெச்சுக் கரைச்சிடலாம். முத்த விட்டுட்டா யாராலயும் முடியாது.”

“நெசமாலுமே பொழைக்கலாமுங்களா?” சென்னியம்மாள்தான் கேட்டாள்.

“போன வருஷம் நான் அனுப்பின ரெண்டு பேரும் இப்பக் காட்டு வேலைக்குப் போறாங்க.” டாக்டர் பொன்னாயி பக்கம் திரும்பினாள். “கல்யாணம் எந்த வயசுல?”

“பதிமூணுலீங்க. ஒம்பது பேறு. தங்குனது அஞ்சு.”

சென்னியம்மாள் சட்டென்று அவளைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். பாவம், வேண்டியவளுக்கு இப்படியென்றால் யாருக்குத்தான் மனசு தாங்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

திரையை இழுத்துவிட்டு, பொன்னாயியைப் படுக்க வைத்துப் பார்த்தாள். விளக்கைத் திருப்பி இன்னொரு தரமும் பார்த்தாள். புண்ணும் இல்லை, கறையும் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம் வேறொன்று இருந்தது.

“ஏம்மா, நீ புள்ளையே பெத்ததில்லையே. ஒம்பது பேறுன்னு சொன்னியே?”

பொன்னாயி எழுந்து புடவையைச் சரிசெய்தாள். அவள் விரல்நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்ததை டாக்டர் அப்போதுதான் கவனித்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லீன்னு எனக்கே தெரியுமுங்க சாமி,” என்றாள் பொன்னாயி, குரலைத் தாழ்த்தி. “நான் அவங்க ஊட்டுத் துணி வெளுக்கறவ, ‘உங்க ஒடம்பக் காட்டோணும், வாங்க’ன்னா செத்தாலும் வரமாட்டாங்க, ‘எனக்குத் தொணைக்கு வாங்க’ன்னேன், வண்டியக் கட்டிட்டு ஓடியாந்துட்டாங்க.”