செத்த குளத்துக்கு விலக்கு

“‘குளத்துல ஒரு ஜீவன் இல்லை, என்கிட்ட எதுக்கு அனுமதி கேக்கறீங்க?’ இப்படிப் புலம்ப உனக்கு வாய் கூசலையா?” என்று தவளை நரியைப் பிடிபிடியென்று பிடித்தது. “நீ தோல் பதனிடற தொட்டித் தண்ணியைக் கொட்டிக் கொட்டித்தானே அத்தனையும் செத்துது? நான் ஒருத்தி இருக்கேனே, கண்ணு தெரியலையா?”

விசாரிக்க வந்த கொக்குக்குச் சேற்றில் கால் வைக்க அருவருப்பு. கரையிலேயே நின்று பேசியது.

“உயிருள்ள குளத்துல கழிவு விட அனுமதி வேணும். செத்த குளத்துக்கு விலக்கு உண்டு. ஒரேயொரு தவளையை வச்சு உயிருள்ள குளம்னு நான் எழுத முடியாதும்மா. நீ வழிப்போக்கியாகூட இருக்கலாம். இங்கேயே குடியிருக்கற இன்னொருத்தர் வந்து சொன்னா, இன்னிக்கே நிறுத்திடலாம்.”

தவளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நண்டு இருக்கிறதே! நேற்றுகூட இடத்தகராறில் இரண்டும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டன.

நரி நகத்தை நக்கிக்கொண்டு நின்றது.

தவளை தத்தித் தத்தி நண்டின் வளைக்குப் போனது. கறுத்த தண்ணீர் வளைக்குள் இறங்கியிருந்தது; வாசலில் நீட்டிக்கொண்டிருந்த கொடுக்கு அசையவில்லை.

“நண்டக்கா, நம்ம சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கொக்கு சார் கிளம்பறதுக்குள்ள வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”