அணிலுக்கு இன்னொரு வால்

நவநீதன் உருவாக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவைத்த வீடியோ கேமில் ஓர் அணில் இருந்தது. இரண்டாம் லெவலின் கடைசிக் கிளைக்கு அப்பால் கால்வைக்க இடமே வரையப்படவில்லை.

"மறுபடியும் புது வால் வரைஞ்சிருக்கான்! வாலை வெச்சு நான் என்ன பண்ண? அடுத்த கிளை எங்கடா?" என்று கத்தியது அணில்.

"உனக்கு வாலாவது இருக்கு. அரக்கன்னு பேரு எனக்கு. பாரு, வெறும் சிவப்புச் சதுரம்!" என்று சீறினான் அந்த கேமின் அரக்கன்.

அன்று நவநீதன், 'விரைவில் வருகிறது' என்று ஊருக்குக் காட்ட அணிலை ஓடவிட்டுப் படம்பிடித்தான். பொறுத்தது போதுமென்று அணில் கிளை நுனியில் நிற்காமல் வெறுமைக்குள் பாய்ந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"இப்பவாவது கிளை வரைவான்" என்றான் அரக்கன்.

நவநீதன் திரையை உற்றுப் பார்த்தான்.

"சே, விழும்போது வால் சரியாவே ஆடலையே" என்று மறுபடி வரைய உட்கார்ந்தான்.