தனியாகக் கட்டிய கன்று

பிறந்த மறுநாளே கன்று மஞ்சளாகக் கழியத் தொடங்கியது. கால்நடை மருத்துவர் அதன் குழிந்த கண்களைப் பார்த்தார்.

“வைரஸ் கழிச்சலுங்கம்மா. ஊசிக்குக் கேக்காது. மத்த கன்னுகளுக்கு ஒட்டாமத் தனியாக் கட்டுங்க. பாலும் உப்புச்சர்க்கரைத் தண்ணியும் மாத்தி மாத்திக் குடுக்கோணும். தொணைக்கு ஆளிருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றாள் பாவாத்தாள். கணவன் செத்தபின் அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

கன்றை அடுக்களைக்குள் தூக்கிவந்து சாக்கில் கிடத்தினாள். தலையை மடியில் வைத்துப் புட்டியில் புகட்டினாள். புகட்டிக்கொண்டே அதனிடம் பேசினாள். பல மாதமாக யாரிடமும் சொல்லாமல் கிடந்ததெல்லாம் வாயில் வந்தது.

சில நாள் கழித்து மருத்துவர் போனில் கேட்டார். “கழிச்சல் நின்னுருச்சுங்களா? நின்னிருந்தா தாய்கிட்ட உட்டுரலாமுங்க.”

கன்று நான்கு காலில் நின்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. வாலடி காய்ந்திருந்தது.

“இன்னும் நிக்கலீங்க” என்றாள்.