ஃபேனுக்கு நேர் கீழே

ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகத் திருப்பி, அடிக்கட்டையால் சீலிங்கைத் தட்டினாள்.

டொக். டொக்.

ஃபேனைச் சுற்றி எங்கே தட்டினாலும் பொந்துச் சத்தம். போன மாதம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. இன்று பாய் அகலத்துக்கு வந்துவிட்டது.

பதினோரு வருடம் சிமெண்டுச் சட்டி சுமந்த தலை. அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கொக்கியைச் சுற்றிக் காவி நிறத்தில் கசிந்திருப்பது அந்தத் துருதான்.

கடலோரத்துக் குடியிருப்பு. கட்டினவன் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டிருக்கிறான், நாசமாய்ப் போவான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றது கம்பி.

அந்தக் கம்பியில்தான் கொக்கி. கொக்கியில் ஃபேன்.

ஃபேனுக்கு நேர் கீழே அவள் புருஷன் படுக்கிற இடம்.

அங்கே வேறு யாரும் படுக்கக் கூடாது. போன கோடையில் மகள் செலின் அசதியில் அங்கேயே தூங்கிவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. காலால் உருட்டித் தள்ளினான். உதட்டில் இரண்டு தையல்.

கூரை ஆபத்து என்று முதல் தடவை சொன்னபோது சிரித்தான்.

"நீ பெரிய இன்ஜினியராட்டி?"

இரண்டாம் தடவை சொன்னபோது இதே ஒட்டடைக் கம்பைப் பிடுங்கி அடித்தான். மணிக்கட்டு இன்னும் சரியாகக் கூடவில்லை. சட்டி தூக்கினால் உயிர் போகிறது.

செவிடன் காதில் எத்தனை நாளைக்குத்தான் சங்கு ஊதுவது? தன் பாயையும் மகள் பாயையும் அடுப்படிக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்றாம் தடவை சொல்லவில்லை.

கம்பை மூலையில் சாத்தினாள். ஞாயிற்றுக்கிழமை. அவன் வரும்போது கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு போட்டாள். வயிறு முட்டத் தின்று, ஏப்பம் விட்டு, தன் இடத்தில் மல்லாந்தான்.

மேலிருந்து ஒரு பொட்டுக் காரை அவன் நெஞ்சில் விழுந்தது. ஈயை விரட்டுவதுபோல் தட்டிவிட்டான்.

"ஏட்டி, காத்தே வரல. கூட்டி வையி."

ரெகுலேட்டர் மூன்றில் இருந்தது.

ஐந்தில் வைத்தாள்.

கொக்கி கிறீச்சிட்டது.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். செலினை முன்னால் இருத்திப் பேன் பார்த்தாள்.

உள்ளேயிருந்து அவன் குரல்.

"செலினு! வந்து கால அமுக்குட்டி!"

பிள்ளை சட்டென்று எழுந்தாள். கூப்பிட்டதும் ஓடாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"வலிக்கும்மா, விடு. போகலன்னா அப்பா அடிப்பாவ."

"உக்காரு. இனிமே அடிக்க மாட்டாவ."

மகளின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, அடுத்த வகிடு எடுத்தாள்.