ஹாரன்

"வாயை மூடுங்க! தெர்மாமீட்டரை வெச்சுக்கிட்டு என்ன பேச்சு?"

மனைவி அதட்டியதும் டிரைவிங் மாஸ்டர் கப்சிப் ஆனார். பேசாமல் இருப்பது அவருக்குச் சிகிச்சையைவிடக் கஷ்டம்.

கருவி 'கீச்' என்றது. அவள் எடுப்பதற்குள் அவரே எட்டிப் பார்த்துவிட்டார்.

"பார்த்தியா, நார்மல்! காலையிலயும் நார்மல், இப்பவும் நார்மல். எதுக்கும்மா இப்படிப் பயந்து சாகறே?"

"பயமா? எனக்கென்ன பயம்?" என்று சிரித்து வைத்தாள்.

போன வாரம்தான் அவர் தொடையிலிருந்த புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசி போட்டிருந்தார்கள். மற்ற வைத்தியமெல்லாம் கைவிட்டபிறகு மிச்சமிருந்தது இது ஒன்றுதான். தீங்கு செய்யாத ஒரு வைரஸின் முதுகில் ஒரு மரபணுவை ஏற்றி உள்ளே அனுப்புவார்களாம். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், கட்டியின் செல்களே ஒரு புரதத்தைச் சுரந்து, உடம்பின் எதிர்ப்புப் படையைக் கூவி அழைக்குமாம்.

"அப்ப கட்டிக்கே ஹாரன் மாட்டி விடறீங்க!" என்றார் மாஸ்டர். டாக்டரே சிரித்துவிட்டார்.

அவர் உடை மாற்றப் போன சமயத்தில்தான் டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். "ஹாரன் அடிச்சா உடம்பு சும்மா இருக்காதும்மா. பெரும்பாலும் நல்லா காய்ச்சல் வரும். வந்தா உடனே போன் பண்ணுங்க. வரலைன்னா... பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' அவள் நெஞ்சிலேயே நின்றது. காய்ச்சலுக்குக் காத்திருந்து அது வராமல் போனால் மனிதர் ஒடிந்துபோவார் என்று, அவரிடம் மூச்சு விடவில்லை. காய்ச்சல் வரவேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. அதுவோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கார் ஓட்டப்போவது அவள்தான். சாவியை எடுத்த கை வெடவெடவென்று நடுங்கியது.

"கையைப் பாரு! உனக்கு வண்டி கத்துக் கொடுத்தப்ப எத்தனை தடவை சுவத்துல மோதப் பார்த்தே? ஒரு தடவையாவது நான் கத்தினேனா? பக்கத்து சீட்டுல இருக்கறவன் பயத்தைக் காட்டவே கூடாதும்மா. காட்டினா ஓட்டறவங்க கை தன்னால ஆடும்."

அவளுக்கு அழுகை முட்டியது. முகத்தை மறைக்க, கட்டிலில் கிடந்த அவருடைய பழைய சட்டையைத் துவைக்க எடுத்தாள். பிழியலாம் போல வேர்வையில் நனைந்திருந்தது.

"இன்னிக்கும் இப்படி நனைஞ்சிருக்கு?"

"ராத்திரி ஒரே புழுக்கம். கொண்டா, நானே துவைக்கப் போடறேன்" என்று அவசரமாகக் கை நீட்டினார்.

அவர் இழுத்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. எல்லாம் காய்ச்சல் மாத்திரை. எல்லாம் காலி.

"என்னங்க இது?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார்.

"திட்டாதேம்மா. ஊசி போட்ட மறுநாள்லேர்ந்து உடம்பு அனலா கொதிக்குது. நீயோ தெர்மாமீட்டரும் கையுமா பேயறைஞ்ச மாதிரி நிக்கறே. உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் நீ வர்றதுக்குள்ள ஒண்ணைப் போட்டுக்கிட்டு..."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்தாள்.

"டாக்டர், அடிக்குது... ஹாரன் அடிக்குது!"