முப்பதுக்கு மேல் பிடிபடாத ரேடார்

குன்றின் மேல் நின்று காற்றின் வேகத்தை அளந்து சொல்லும் ரேடார் ஒன்றுக்குத் தன் கணக்கின் மேல் அபார கர்வம். ஆனால் நொடிக்கு முப்பது மீட்டர் வரைக்கும்தான் அதற்குப் பிடிபடும். அதைத் தாண்டினால், வேகமாகச் சுற்றும் மின்விசிறி பின்பக்கமாகச் சுற்றுவதாகத் தெரிவதுபோல், வரும் காற்று போகும் காற்றாகத் தெரியும்.

ஒருநாள் மழையைச் சுமந்துகொண்டு ஒரு காற்று முப்பதையும் தாண்டித் தலைதெறிக்க ஓடிவந்தது.

"இது போகுது," என்று அறிவித்தது ரேடார்.

"யோவ், உன்னைப் பார்த்துத்தான்யா வர்றேன்!" என்று கத்தியது காற்று.

"என் கணக்கு தப்பாது."

வற்றிய குளத்தில் மழைக்காகக் காத்திருந்த தவளை, ரேடார் சொன்னதைக் கேட்டு வேறு ஊருக்குப் போக மூட்டை கட்டியது. கிளம்பும்போது, "பக்கத்துக் காத்துங்களையும் ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?" என்றது.

ரேடார் வேண்டாவெறுப்பாகக் கேட்டது.

"இருபத்தெட்டுல வர்றேன்," என்றது இடப்பக்கக் காற்று.

"இருபத்தொம்போதுல வர்றேன்," என்றது வலப்பக்கக் காற்று.

இரண்டு பக்கமும் வரும்போது நடுவில் இருப்பது மட்டும் எப்படிப் போகும்? ரேடாருக்கு வெட்கமாகிவிட்டது. "தவளை, மூட்டையை அவிழ்! மழை வருது!"

சொல்லி முடிப்பதற்குள் கொட்டித் தீர்த்தது. தவளை குளத்தில் குட்டிக்கரணம் போட்டது.

உச்சந்தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்ற ரேடாரிடம் காற்று கேட்டது: "வந்துட்டேன்னு இப்பவாவது நம்புறியா?"

"பொறு, பக்கத்துல கேட்டுச் சொல்றேன்," என்றது ரேடார்.